மரமும் பிசினும் கூடிய பேனை

பழைய மாணவர் ஒருவர் தம் கல்லூரியை நினைக்குமிடத்து, முதலில் அவர் மனக்கண்முன் வருவன ஆசிரியரின் முகமும், தாம் அமர்ந்திருந்த வாங்கும், முதன்முதல் மைதொட்டு எழுதிய பேனையுமே ஆகும். ஆசிரியர் காலமாகிவிடுகின்றார். வாங்கு உடைந்து விறகாகிவிடுகின்றது. பேனையோ எங்கோ தொலைந்துவிடுகின்றது. இவற்றுள் பின்னிரண்டையும் ஒன்றாக்கி, உடைந்த பலகையையே எழுதும் பேனையாக்கிக் காக்கும் வழியொன்று இன்று உண்டு. மரத்துண்டை நிறமூட்டிய பிசினுள் வார்த்து, இறுகியபின் கடைந்து, பேனையின் உடலாக ஆக்கும் கைத்தொழிலே அது. மேனாடுகளில் பலர் ஓய்வுநேர வேலையாகவும் சிலர் பிழைப்பாகவும் இதனைச் செய்துவருகின்றனர். நம் மாவட்டத்திலும் இதனைச் செய்யலாம் என்பதை, செய்து பார்த்துப் பிழைபட்டுத் திருந்திய அனுபவத்தோடு ஈண்டு எழுத முற்படுகின்றோம்.

குறிஞ்சாக்கேணிக் கரை

திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவை அடுத்துள்ள குறிஞ்சாக்கேணி நீரோடு பிறந்த ஊர். அங்கு வாழ்வார்க்கு நீரே தொழிற்களமும் பாதையுமாகும். அந்நீர் கொடுப்பதுபோல எடுப்பதும் உண்டு. பாலப் பணி நடைபெற்றுக்கொண்டிருந்த காலத்தில், 2021 நவம்பர் 23 ஆம் நாள், பயணிகளை ஏற்றிச்சென்ற மிதவைப் படகு கவிழ்ந்து, பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்த துயரை இம்மாவட்டத்தார் ஒருநாளும் மறவார்.

அக்கரையில் மரத்தோணிகள் அருகி, பைபர் கிளாஸ் படகுகள் பெருகிப் பல்லாண்டுகள் ஆகின்றன. மரம் கிடைத்தற்கு அரியது. பைபர் படகோ இலேசானது. புழு அதனை அரிக்காது. ஆகலின் மீனவரைக் குறைகூறல் முறையன்று. ஆயினும், தோணி கட்டும் ஓடாவிமாரின் கைவண்ணம் அவர்களோடு மறைந்துபோகின்றது என்பதும் உண்மை.

அவ்வூரில் வயது முதிர்ந்த ஓடாவியார் ஒருவர் வீட்டுவேலியோரம் பழந்தோணி ஒன்றின் பக்கப்பலகைகள் சாய்த்துக் கிடந்தன. அவற்றுள் ஒன்றைக் காட்டி, “காக்கா, இது என்ன மரம்?” என்று வினாவினோம். அவர் உளியால் ஓரத்தைச் சற்றே செதுக்கி, முகர்ந்து பார்த்து, “தம்பி, இது சாவண்டலை. எங்கட வாப்பா செய்த தோணி. இனி அடுப்புக்குத்தான்” என்றார். அதிலிருந்து பேனை செய்யப்போகின்றோம் என்றதும் ஒருகணம் எம்மை உற்றுநோக்கி, “எழுதிற சாமானெண்டா எடுங்க” என்று கூறி, முழ நீளத் துண்டொன்றை வாளால் அறுத்துத் தந்தார். இக்கட்டுரை அத்துண்டின் கதையே எனினும் பொருந்தும்.

திருகோணமலைப் பெயர் பூண்ட மரம்

சாவண்டலையைச் சிங்களத்தில் அல்மில்லை என வழங்குவர். தாவரநூலார் பெரியா கோர்டிபோலியா என்பர். இம்மரத்துக்கும் நம் பட்டினத்துக்கும் உள்ள உறவு மாணவர் அறிந்துகொள்ள வேண்டியதாகும். பிறநாட்டு மர வணிகர் இதனைத் ‘திருகோணமலை மரம்’ என்றே அழைத்தனர். இலங்கையில் ஆங்கில அரசின் செயலாளராயிருந்த எமர்சன் டெனென்ற், 1859 இல் வெளியிட்ட தமது பெருநூலில், இதன் உறுதியையும் பீப்பாய், வண்டி முதலியவற்றுக்கு உதவும் தன்மையையும் எடுத்துரைத்து, சென்னைக் கடலின் பேரலைகளைத் தாங்கிய மசூலாப் படகுகளுக்கும் இது பயன்பட்டதெனக் குறித்துள்ளார். ஓர் ஊரின் பெயர் ஒரு மரத்தின் பெயராய்க் கடல்கடந்து சென்றதென்றால், அம்மரத்தில் ஒரு துண்டேனும் அவ்வூரார் கையில் இருத்தல் வேண்டுமன்றோ?

பேனைக்கு உதவும் பிற மரங்களும் நம் பகுதியில் உண்டு. கருங்காலி நீரில் அமிழும் பாரமும் கண்ணாடிபோல் மெருகேறும் இயல்பும் உடையது. முதிரை பொன்னிறமும் பட்டின் மினுக்கமும் கொண்டது. ஆனால் அதன் தூள் சிலருடைய தோலில் கடியையும் தடிப்பையும் உண்டாக்கும். பூவரசின் வைரம் கபிலநிறமாய்க் கண்ணுக்கு இனியது. பனையின் கரிய நார்களைக் குறுக்கே வெட்டினாற் புள்ளிகளாகவும், நெடுக்கே வெட்டினாற் கோடுகளாகவும் தோன்றும். இவற்றுக்காக எவரும் பச்சைமரத்தை வெட்டுதல் வேண்டா. காட்டுமரத்தை வெட்டுதலும் ஏற்றிச்செல்லுதலும் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அன்றியும், பேனைக்கு வேண்டுவது ஒரு சாண் துண்டே. தச்சுப்பட்டறையில் எறியும் கழிவும், முறிந்த கதிரைக்காலும், பழந்தோணிப் பலகையும் போதும்.

பேனையின் உடல் எதனால் ஆயது?

நம் முன்னோர் ஓலையில் எழுத்தாணியால் கீறினர். அதற்கு மை உள்ளே தங்கும் உடல் வேண்டியதில்லை. தாளும் மையும் வந்தபின்னரே, மையைத் தன்னுள் தாங்கி வேண்டிய அளவு மட்டும் விடும் கருவி தேவையாயிற்று. அமெரிக்கராகிய வாட்டர்மன் 1884 இல் ஊற்றுப்பேனைக்கு உரிமைப்பதிவு பெற்றார். அக்காலத்துப் பேனைகளின் உடல் பெரும்பாலும் எபனைற்றினால் ஆயது. றப்பரோடு மிகுதியான கந்தகத்தைச் சேர்த்து நெடுநேரம் சூடாக்கினால் அது கருங்காலிபோற் கறுத்து இறுகும். கருங்காலியின் ஆங்கிலப் பெயரே அப்பொருளுக்குப் பெயராயிற்று. றப்பர்க் கன்றுகள் 1876 இல் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்து ஏனரத்கொடையில் நடப்பட்டன என்பதை நினைவுகூர்ந்தால், உலகம் எழுதிய பேனைகளில் நம் நாட்டு மண்ணின் பங்கும் இருந்தமை விளங்கும்.

கையால் பேனை கடையும் மரபு நமக்கு அயலதன்று. ஆந்திரத்து ராஜமுந்திரியில் இரத்தினம் என்பார் 1930களில் தொடக்கிய பேனைத்தொழில், 1935 இல் காந்தியடிகளின் பாராட்டுக் கடிதத்தைப் பெற்றது. அந்நியப் பொருளை விலக்கிய காலத்தில், உள்நாட்டுக் கையால் ஆன பேனை ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுத் திருவள்ளூரில் எம். எஸ். பாண்டுரங்கன் நிறுவிய ‘ரங்கா’ பேனைகள் எபனைற்றுக் கோலைக் கடைசற்பொறியில் பூட்டிக் கையால் கடைந்து செய்யப்படுவன. பிறநாட்டார் பலர் இன்று அவற்றை விரும்பி வாங்குகின்றனர். சாத்தூர் ஒருகாலத்தில் பேனைமுள் செய்யும் பட்டறைகளாற் பெயர்பெற்று விளங்கியது. குமிழ்முனைப் பேனை பரவியதும் அத்தொழில் நலிவுற்றது. ஆகவே, கருவியும் கையும் நம்மவரிடம் இருந்தன. மரத்தையும் பிசினையும் கூட்டும் முறையே புதிது.

அதுவும் முற்றிலும் புதிதன்று. மரத்தின் பிசின் வழிந்து, சிற்றுயிர்களைத் தன்னுள் அடக்கி, எண்ணற்ற ஆண்டுகள் மண்ணுட் கிடந்து இறுகியதே அம்பர். மாத்தளைப் பகுதியிலே கடைந்த மரத்துக்கு அரக்கினால் வண்ணமேற்றும் கைவினை தலைமுறை தலைமுறையாக நிலவிவருகின்றது. இயற்கை நெடுங்காலத்திற் செய்வதை இரசாயனம் ஓரிரவிற் செய்கின்றது, அவ்வளவே.

பிசின் மூவகை

இத்தொழிலுக்கு உதவும் செயற்கைப் பிசின்கள் மூன்று. பொலியெஸ்டர், எபொக்சி, பொலியூறிதேன் என்பன அவை.

பொலியெஸ்டர் நம் கடற்கரைக்குப் பழக்கமானது. பைபர் படகுகளுக்குப் பூசப்படுவது இதுவே. இதனோடு நூற்றுக்கு 1 முதல் 2 பங்குவரை ஊக்கி சேர்த்தால் இறுகத் தொடங்கும். விலை குறைவு; ஆனால் மூக்கைத் துளைக்கும் மணம் உடையது; இறுகும்போது சுருங்கும்; கடையும்போது சிம்பாகத் தெறிக்கும்.

எபொக்சி என்பது பிசின், இறுக்கி என்னும் இரு திரவங்களின் கூட்டு. 1930களிலும் 1940களிலும் சுவிற்சலாந்திலும் அமெரிக்காவிலும் உருவாகிய பொருள் இது. ஊக்கிபோலச் சிறிது சேர்க்கும் பொருளன்று இதன் இறுக்கி. அதுவே பிசினோடு இணைந்து பொருளின் ஒரு பகுதியாகின்றது. ஆகலின் அளவு தவறினால், மிஞ்சிய பகுதி இணையாமலே நின்று, என்றும் பிசுபிசுப்பாகவே இருக்கும். எடையால் அளக்கச் சொன்னதை எடையாலும், கனவளவால் அளக்கச் சொன்னதைக் கனவளவாலும் அளத்தல் வேண்டும். இரு திரவங்களின் அடர்த்தியும் வேறாகையால், ஒன்றுக்குச் சொன்ன விகிதம் மற்றதற்குப் பொருந்தாது.

பொலியூறிதேன் சில நிமிடங்களில் இறுகிவிடும், கடைவதற்கும் இதமானது. ஆனால் ஈரத்துக்குப் பகை. நீரோடு கூடியவுடன் காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிட்டு நுரைத்துவிடும். நன்கு உலராத மரத்தோடு இதனை வார்ப்பவர் மாவுபோற் பொங்கிய ஒன்றையே காண்பர்.

தொடங்குவார்க்கு எபொக்சியே ஏற்றது. எமது அனுபவமும் அதனோடுதான்.

மரத்தை ஆயத்தஞ்செய்தல்

ஓடாவியார் தந்த பலகையில் மூன்று குற்றங்கள் இருந்தன. அதில் உப்பு ஊறியிருந்தது. ஆணி முறிந்து தங்கியிருந்தது. கப்பற்புழு துளைத்த துளைகள் நிறைந்திருந்தன.

உப்பு காற்றின் ஈரத்தை ஈர்க்கும். உள்ளே பொருத்தும் பித்தளைக் குழாயையும் அரிக்கும். எனவே பலகையைச் சிறு துண்டுகளாக அரிந்து, மழைநீரில் மூன்று கிழமை ஊறவைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றினோம். கரையோரக் கிணற்றுநீர் தானே உவர்ப்பாகையால் அது உதவாது. உப்பு நீங்கியதா என்பதை அறியக் கல்லூரி ஆய்வுகூடத்தில் மாணவர் செய்யும் சோதனையே போதும். ஊறிய நீரிற் சிறிதெடுத்து நைத்திரிக்கமிலமும் வெள்ளி நைத்திரேற்றும் சில துளி விட்டால், உப்பு இருப்பின் வெண்ணிற வீழ்படிவு தோன்றும். முதற்கிழமை பால்போல் வெளுத்த நீர், மூன்றாங்கிழமை மெல்லிய மங்கலாய்க் குறைந்தது.

ஆணித்துண்டை வலிய காந்தத்தால் தேடி அகற்றினோம். ஆணியைச் சூழ்ந்த மரம் இரும்புத்துருவாற் கறுத்திருந்தது. அக்கறையை நீக்கினோமல்லோம், அது தோணியின் வரலாறு என விட்டுவிட்டோம். புழுத்துளைகளைக் கம்பியால் துப்புரவாக்கியதோடு நிறுத்தினோம். தோணிக்குக் கேடாய்த் தோன்றிய அத்துளைகளே பேனைக்கு அழகாயின. நீலப்பிசின் அவற்றுட் புகுந்து, வளைந்து செல்லும் சிற்றாறுகள்போல் விளங்கியமையைப் பின்னர்க் கண்டோம்.

அடுத்தது உலர்த்துதல். வெயிலிற் காய்ந்த மரம் உலர்ந்ததாகத் தோன்றும். அதனுள்ளும் ஈரம் இருக்கும். 23 கிராம் எடையுள்ள துண்டை அடுப்புப்பெட்டியில் 100 பாகை செல்சியசுக்குச் சற்று மேலாக வைத்து, சில மணிக்கு ஒருமுறை நிறுத்தோம். எடை 20 கிராமில் நிலைத்தது. நீங்கிய நீர் 3 கிராம். உலர்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு 15 பங்கு. உலர்ந்தவுடன் பொலித்தீன் பையிலிட்டு இறுகக் கட்டுதல் வேண்டும். தவறினால் மாரிக்காலக் காற்று இரண்டொரு நாளில் இழந்ததை மீட்டுக் கொடுத்துவிடும்.

வார்த்தல்

பேனையுடலுக்கு 2 சென்ரிமீற்றர் அகலமும் அவ்வளவு உயரமும் 13 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள கட்டி போதும். அதன் கனவளவு 52 கன சென்ரிமீற்றர். மரம் பாதியிடத்தைக் கொள்ளுமாயின், பிசின் 26 கன சென்ரிமீற்றர், அஃதாவது ஏறக்குறைய 29 கிராம் வேண்டும். எடையால் இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதமாயின் பிசின் 19 கிராமும் இறுக்கி 10 கிராமுக்குச் சற்றுக் குறைவுமாகும். கிண்ணத்தில் ஒட்டிநிற்பதற்காகச் சிறிது கூடுதலாகக் கலத்தல் நன்று. கலக்கும்போது கிண்ணத்தின் பக்கங்களையும் அடியையும் வழித்துவழித்து, குறைந்தது மூன்று நிமிடமேனும் மெதுவாகக் கலக்குதல் வேண்டும். அபிரகத்தூள் சிறிது சேர்த்தால் முத்துப்போன்ற ஒளி உண்டாகும். அச்சுக்குச் சிலிக்கன் றப்பர் சிறந்தது. பிசின் அதில் ஒட்டுவதில்லை.

எமது முதல் வார்ப்பு இரு பிழைகளாற் கெட்டது. ஒன்று, மரம் மிதந்தது. எபொக்சியின் அடர்த்தி நீரினும் மிக்கதாகையால், கருங்காலி போன்ற பாரமரம் அல்லாதவை அதில் மேலெழும் என்பதை நாம் எண்ணிப் பார்த்திலோம். தோணி மரம் தன் தொழிலை மறக்கவில்லை என நண்பரொருவர் நகைத்தார். அடுத்தமுறை துண்டை அச்சின் அடியில் ஒரு துளி பசையால் ஒட்டிவைத்தோம். மற்றொன்று, மரத்தின் நுண்துளைகளிலிருந்த காற்று பிசினுட் குமிழிகளாய் எழுந்து அங்கேயே சிறைப்பட்டது. இதற்கு எளிய பரிகாரம், வார்ப்பதற்கு முன்னாள் மரத்தின் மேல் அதே பிசினை மெல்லிதாகப் பூசி நுண்துளைகளை அடைத்தலாகும். பிசின் புட்டியை வெந்நீரிற் சற்றே வைத்து இளகச்செய்தலும், நூல்போல ஓரிடத்தில் மெல்ல வார்த்தலும் உதவும்.

தொழில்முறையாளர் அமுக்கக் கலத்தைப் பயன்படுத்துவர். அதன் தத்துவம் மாணவர் படித்த போயிலின் விதியே. வளிமண்டல அமுக்கத்தின் நான்கு மடங்கு அமுக்கத்தில் ஒரு குமிழியின் கனவளவு நான்கிலொன்றாகும். விட்டமோ கனமூலப்படி குறைவதால் 0.63 மடங்கே ஆகும். எனினும் நுண்ணிய குமிழிகள் கண்ணுக்குத் தோன்றாது ஒழியும். பிசின் இறுகும்வரை அமுக்கத்தை விடலாகாது. விட்டாற் குமிழி மீண்டும் விரியும். இக்கலம் குறித்த அமுக்கத்துக்கென்றே செய்யப்பட்டதாயிருத்தல் வேண்டும். வீட்டுப் பாத்திரத்தில் இம்முயற்சி உயிருக்கே ஆபத்தாகும்.

எபொக்சி இறுகும்போது வெப்பத்தை வெளிவிடும். கிண்ணத்தில் மொத்தமாய் நின்றால் அவ்வெப்பம் தங்கிப் பிசினைப் புகையவும் செய்யும். ஆகலின் கலந்தவுடன் வார்த்தல் நலம். பின்னர் செய்வோர் குறித்த காலம்வரை, ஒருநாளோ மூன்று நாளோ, அசையாது விடுக. இத்தொழிலில் அவசரக்காரருக்கு இடமில்லை.

கடைதலும் மெருகூட்டலும்

இறுகிய கட்டியின் நடுவே நெடுக்காகத் துளையிட்டு, பித்தளைக் குழாயை ஒட்டுதல் அடுத்த வேலை. சாதாரண குமிழ்முனைப் பேனைக்கு 7 மில்லிமீற்றர்க் குழாய் போதும். ஊற்றுப்பேனைக்கு அதனினும் பருத்த குழாய் வேண்டும். துளையூசியை அடிக்கடி வெளியே எடுத்துத் தூளை அகற்றாவிடிற் சூடேறிப் பிசின் இளகும். துளை மறுபக்கம் வெளிவரும் இடத்திலேதான் பெரும்பாலும் வெடிப்பு உண்டாகும். ஆதலால், கட்டியை வேண்டியதிலும் நீளமாக வைத்து, இறுதியில் அந்நுனியை அறுத்தெறிக. பிசின் ஒளியூடு காட்டுவதாயின், பித்தளை வெளியே தெரியாதபடி குழாய்க்கும் துளைக்கும் நிறம் பூசுதல் வேண்டும்.

பின்னர் அதனைக் கடைசற்பொறியின் தண்டிற் கோத்து, முதலில் மெதுவாகவும், உருண்டு வந்தபின் நிமிடத்துக்கு 2000 சுற்றளவிலும் சுழற்றிக் கடைவர். உளி கூரியதாக இருத்தல் வேண்டும். மொட்டை உளி வெட்டாது, பெயர்க்கும். கூரிய உளியின்கீழ் எபொக்சி நாடாபோல நீண்டு சுருண்டு வரும். மரமோ சிறு சீவலாய் உதிரும். இவ்விரண்டும் ஒரே வன்மை உடையனவல்ல என்பதை இங்கே நினைவில் வைத்தல் வேண்டும். மணற்றாள் மென்மையானதை விரைவிலும் வன்மையானதைத் தாமதித்தும் தேய்க்கும். மணற்றாளையே நம்பினால் மரமும் பிசினும் சந்திக்குமிடத்தில் விரலுக்குத் தட்டும் மேடுபள்ளம் உண்டாகும். ஆகவே உளியாலேயே ஏறக்குறைய முடித்து, மணற்றாளை இறுதியிற் சிறிதே பயன்படுத்துக. அதன்மேல் விரைந்து ஒட்டும் பசையைப் பல மெல்லிய பூச்சுக்களாக இட்டு, நுண்ணிய தாள்களால் மெருகேற்றினால், மரமும் பிசினும் ஒரே தோல் போர்த்தனபோல் தோன்றும்.

முள், மைதரும் நாக்கு, மூடி, கொளுக்கி முதலிய உறுப்புக்கள் தொகுதியாக விலைக்குக் கிடைக்கின்றன. ஊற்றுப்பேனையில் முள்ளின் கீழே உள்ள நாக்கின் நுண்ணிய வெடிப்பு வழியே மை மயிர்த்துளைக் கவர்ச்சியால் முன்னேறுகின்றது. வெளியேறிய மையின் இடத்தை நிரப்பக் காற்று உட்செல்கின்றது. இவ்விரண்டும் ஒத்து நடந்தாலன்றிப் பேனை ஒன்றில் எழுதாது, அல்லது கக்கும். உடல் எத்துணை அழகாயினும் எழுதாத பேனை பேனையன்று.

செய்வோர்க்கு எச்சரிக்கை

இரசாயனப் பொருளோடு விளையாட்டு வேண்டா. இறுகாத எபொக்சி தோலிற் பலமுறை பட்டால் ஒவ்வாமை தோன்றும். ஒருமுறை தோன்றினால் அது வாழ்நாள் முழுவதும் நீடிக்கக்கூடும். கையுறை இன்றித் தொடலாகாது. பொலியெஸ்டர் ஊக்கி கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு. கண்ணாடி அணியாது புட்டியைத் திறக்கலாகாது. கடையும்போது எழும் தூளை மூச்சோடு உள்ளிழுத்தலும் தீது. தூளைத் தடுக்கும் முகமூடி இன்றிப் பொறியை ஓட்டற்க. மாணவர் இதனை ஆசிரியர் மேற்பார்வையில், காற்றோட்டமுள்ள இடத்திலேயே செய்தல் வேண்டும்.

இன்னுமொன்று. மரத்தூள் மண்ணோடு மக்கும். பிசின் தூள் மக்காது. அதனைப் பெருக்கி அள்ளிக் கட்டி வைத்தல் வேண்டும். வாய்க்காலில் விட்டால் அது குடாவையே சேரும். தோணியின் நினைவைக் காக்கப் புகுந்து, அத்தோணி ஓடிய நீரைக் கெடுத்தல் அறமாகாது.

எது எஞ்சும்?

பழங்கலத்தின் மரத்தை நினைவுப்பொருளாக்கும் வழக்கம் உலகில் உண்டு. நெல்சன் தளபதியின் கொடிக்கப்பல்களுள் ஒன்றாயிருந்த ‘பூட்றோயன்’ 1897 இல் இங்கிலாந்தின் பிளாக்பூல் கரையில் மோதி உடைந்தபோது, அதன் மரத்திலிருந்தும் செம்பிலிருந்தும் தளபாடங்களும் பதக்கங்களும் செய்து விற்றனர். அக்கப்பலை இழந்த உரிமையாளர் அதற்கு ஈடாக வாங்கிய கப்பல் எது தெரியுமா? 1817 இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலையாளத்துத் தேக்கினாற் கட்டிய ‘திருகோணமலை’ என்னும் போர்க்கப்பலே அது. பழைய கப்பலின் பெயரையே அதற்கும் இட்டார். 1992 இல் அதற்குத் தன் பெயர் மீண்டது. இன்று ஆட்டில்பூல் துறைமுகத்தில், நம் ஊர்ப்பெயரைத் தாங்கி அது மிதக்கின்றது. உடைந்த கப்பல் பதக்கமாயிற்று. உடையாத கப்பல் கப்பலாகவே நின்றது. இரண்டனுள் பின்னதே சிறந்தது என்பதிற் கருத்துவேறுபாடு இராது. ஆகையால், ஓடக்கூடிய தோணியைப் பேனைக்காக உடைப்பது பேதைமை. அடுப்புக்குப் போவதையே பேனையாக்குக.

பேனையோடு ஒரு சிறு தாளும் இருத்தல் வேண்டும் என்பது எமது துணிபு. எந்த மரம், எங்கிருந்து, எந்த ஆண்டில் பெறப்பட்டது என்பவற்றை அதில் உண்மையாக எழுதுக. பிசினுள் அடங்கிய மரத்தைப் பின்வருவார் இன்னதென அறிதல் அரிது. தாள் இல்லாத நினைவுப்பொருள் நாளடைவில் வெறும் பொருளாகிவிடும்; பொய்த்தாள் உள்ளதோ அதனினும் இழிந்தது.

முதலில் நன்கு அமைந்த பேனையைக் குறிஞ்சாக்கேணிக்குக் கொண்டுசென்று ஓடாவியாரிடம் கொடுத்தோம். அவர் அதை வெளிச்சத்திற் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புழுத்துளையில் ஓடிய நீலத்தை விரலால் தடவினார். பின்னர், பலகையை முகர்ந்ததுபோலவே பேனையையும் மூக்கருகே கொண்டுபோனார். “மணம் இல்ல தம்பி” என்றார்.

அது உண்மை. பிசின் மரத்தின் நிறத்தையும் வரியையும் ஆணிக்கறையையும் காத்தது, மணத்தை அடைத்துவிட்டது. தோணி கட்டும் கையையோ அது காக்கவே இல்லை. பேனை அதனைக் காக்கமாட்டாது. பேனையைக்கொண்டு எழுதுகின்றவர்களே காத்தல் கூடும். எந்தப் பலகை எந்த வளைவுக்கு ஏற்றது, எந்தப் பருவத்திற் பூட்டுவது, பொருத்துக்களை எவ்வாறு இறுக்குவது என்பவற்றை அறிந்தவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே உளர். அவர்களிடம் சென்று கேட்டு எழுதுவது மாணவர் கடன். அம்மாணவர்க்கு வழிசெய்வது பழைய மாணவர் கடன்.

திருகோணமலை எழுத்துக்கு வறிய ஊரன்று. 1895 இல் ‘மோகனாங்கி’ என்னும் தமிழ் வரலாற்று நாவலை வெளியிட்ட சரவணமுத்துப்பிள்ளை இவ்வூரவர். விஞ்ஞானப் பட்டதாரியாகவும் தமிழ்ப் பேரறிஞராகவும் ஒருங்கே விளங்கிய விபுலாநந்த அடிகள் இந்நகர இந்துக் கல்லூரியிலே தொண்டாற்றியவர். ஆய்வுகூடமும் ஏடும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல என்பதற்கு அவர் வாழ்வே சான்று. விழா ஆண்டில் உடைந்து ஒதுங்கிக் கிடக்கும் வாங்குகளை எரிக்குமுன் ஒருமுறை நோக்குக. அவற்றுள் ஒரு சாண் பலகை ஒரு மாணவன் கையிற் பேனையாகலாம்.

ஓடாவியார் அப்பேனையைத் திருப்பித் தரவில்லை. சட்டைப்பையிற் செருகிக்கொண்டு, “வாப்பாட தோணி” என்றார். நாமும் கேட்கவில்லை. மறுகிழமை தாளும் எழுதுபலகையுமாக அவர் வேலியோரம் சென்று அமர்ந்தோம். எழுதுவதற்குப் பேனையை அவரே தந்தார்.